பூட்டிய வீடும் கொட்டகைப் பள்ளியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றனர். சென்ற ஆண்டு தமிழ் வகுப்பில் ஐயா இதை விளக்கியபோது எனக்குக் குளிர்காற்று நினைவுக்கு வரவில்லை. பூட்டுதான் நினைவுக்கு வந்தது. ஆங்கிலப் பாடத்தில் வரும் இலையுதிர் காலத்தில் மரங்கள் இலைகளை உதிர்க்கின்றன. பென்னாகரம் வட்டத்து மானாவாரி ஊர்களில் அதே மாதங்களில் வீடுகள் மனிதரை உதிர்க்கின்றன. ஆடியில் விதைத்த கடலை கை கொடுத்தால் ஊரிலிருப்போம். கை விட்டால் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவோம். கிழவிகளும் ஆடுகளும் மட்டும் ஊரில் மிஞ்சும்.

இப்படிப் போகிற குடும்பங்களின் பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்பதே என் கட்டுரை. பிறர் கதையைச் சொல்வதைவிட என் கதையைச் சொல்வது நேர்மை என்று கருதுகிறேன்.

2016-ஆம் ஆண்டு நான் ஐந்தாம் வகுப்பு, என் அக்கா எட்டாம் வகுப்பு. அவ்வாண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட வண்டிகள் எரிக்கப்பட்டன. அந்தப் புகை அடங்கிய ஒரு மாதத்தில், விஜயதசமி முடிந்த மறுவாரம், நாங்கள் டெம்போவில் அதே ஊருக்குப் புறப்பட்டோம். குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் நாள் விஜயதசமி என்பார்கள். எங்கள் இருவருக்கும் அது பள்ளியை நிறுத்திய வாரம். "அத்திப்பள்ளி தாண்டற வரைக்கும் தமிழ்ல கத்திப் பேசாதீங்க" என்று அம்மா சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. தைக்குத் திரும்பிவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. ஆனால் அவ்வாண்டு தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. திரும்பி வந்து செய்வதற்கு நிலத்தில் ஒன்றுமில்லை. நடுவில் நவம்பர் 8-ஆம் நாள் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின; அந்த வாரக் கூலியோ பழைய ஐந்நூறு நோட்டுகளாகவே அப்பா கைக்கு வந்தது. அதை மாற்ற வரிசையில் நின்ற நாள்களுக்குக் கூலி இல்லை. ஆகவே சித்திரை வரை அங்கேயே கிடந்தோம்.

கொட்டகை என்றால் பத்துக்கு எட்டு அடி தகரம். பகலில் அடுப்பு, இரவில் ஐஸ்பெட்டி. அப்பா கொத்து வேலை, அம்மா சித்தாள். மூன்று வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் என்று வீட்டில் பேச்சே எழவில்லை. அக்காதான் என்பது சொல்லாமலே முடிவாகியிருந்தது.

அக்கா அந்தக் கொட்டகையில் ஒரு பள்ளி நடத்தினாள். ஆசிரியை அவள், மாணவன் நான், தொந்தரவு தம்பி. மூட்டையில் ராகிமாவுக்கு அடியில் இருவரின் இரண்டாம் பருவப் புத்தகங்களையும் திணித்துக்கொண்டு வந்திருந்தாள். அப்போது முப்பருவ முறை. மூன்றாம் பருவப் புத்தகம் ஜனவரியில்தான் பள்ளியில் கொடுப்பார்கள். ஆகவே நாங்கள் ஏழு மாதமும் அதே இரண்டாம் பருவத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தோம். ஐந்தாம் வகுப்பு மூன்றாம் பருவப் புத்தகத்தின் அட்டை என்ன நிறம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புத்தகம் தீர்ந்ததும் அக்கா கட்டடத்தையே பாடமாக்கினாள். சிமெண்டுக் கல் ஒன்று 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 6 அங்குல அகலம். ஒரு கன அடிக்கு எத்தனை கல்? தரையில் கரித்துண்டால் போட்டுப் பார்த்தோம்: இரண்டே கால். "கால் கல்லை எப்படிக்கா வைக்கறது?" என்றேன். "நாலு கன அடி எடுத்துக்கோ, ஒம்போது கல்லு முழுசா வரும்" என்றாள். பின்னம் என்பது இதுதான் என்று எனக்கு அன்று விளங்கியதுபோல் பிறகு எந்த வகுப்பிலும் விளங்கவில்லை. தூக்குக்குண்டு ஏன் நேராக நிற்கிறது, நீண்ட குழாயில் நீர் ஊற்றி இரு மூலைகளுக்கும் எப்படி மட்டம் பார்க்கிறார்கள் என்பதையெல்லாம் அங்கேதான் கண்டேன். நம் ஆய்வகத்தில் பேராசிரியர் திரவ அழுத்தம் பற்றிக் கேட்டபோது நான் முந்திக்கொண்டு சொன்ன விடை கொட்டகையில் கற்றது.

இதைக் கேட்டு, "பார்த்தாயா, பள்ளி இல்லாமலே நன்றாகத்தானே கற்றிருக்கிறாய்" என்று நண்பர் ஒருவர் விடுதியில் சொன்னார். அவரோடு எனக்குப் பெரிய வாக்குவாதம். அதன் விளைவே இந்தக் கட்டுரை.

இப்போது பெருநகரங்களில் வீட்டுக் கல்வி என்று ஒரு பேச்சு இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே கற்பிப்பது. அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் 1977-இல் இதற்கென ஓர் இதழே தொடங்கினார். நம் நாட்டிலும் இரவீந்திரநாத் தாகூர் பள்ளியை வெறுத்து வீட்டில் தமையனாரிடமும் ஆசிரியர்களிடமும் பயின்றவரே. இவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் அங்கெல்லாம் வீடு நிலையாக இருந்தது. புத்தக அலமாரி இருந்தது. கற்பிக்கப் படித்தவர் ஒருவர் இருந்தார். வேண்டாமென்று பள்ளியை விடுவது வேறு. பள்ளி பின்னால் நின்றுவிட லாரி முன்னால் போவது வேறு. முன்னதற்குத் தெரிவு என்று பெயர். பின்னதற்கும் அதே அழகான பெயரைச் சூட்டுவது எங்களைக் கேலி செய்வதாகும்.

அதிலும் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. கொட்டகைப் பள்ளியில் மாணவன் ஐந்தாம் வகுப்பைக் கற்றான், சரி. ஆசிரியை எட்டாம் வகுப்பை யாரிடம் கற்றாள்? அவளுடைய அறிவியல் புத்தகத்தில் அவளுக்குப் புரியாத இடம் வந்தபோது அவள் யாரைக் கேட்டாள்? எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சோறாக்கப் போவாள். நான் அதைப் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை. ஊர் திரும்பியதும் இருவரையும் தேர்ச்சி என்றே எழுதினார்கள். நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன். உயர்நிலைப் பள்ளி தொலைவு, தம்பிக்கு ஆள் வேண்டும், வயது வந்த பெண் என்று மூன்று காரணங்கள் சொல்லி அக்கா நிறுத்தப்பட்டாள். பிறகு நூற்பாலைக்குப் போனாள். மேல்நிலைப் பள்ளியில் எனக்கு வேண்டிய கட்டணமும் சைக்கிளும் அவள் கூலியில் வந்தவை. நான் பட்டம் வாங்கினால் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று எழுதுவார்கள். அந்தப் பட்டத்துக்கு முதல் தவணை கட்டியவள் பெயர் எந்தப் படிவத்திலும் வராது.

நிற்க. சட்டம் இல்லாமலா என்று கேட்பீர்கள். நன்றாகவே இருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கலாகாது என்கிறது. 9-ஆவது பிரிவு, இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்கிறது. அன்று அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னைக் கட்டடத்துக்கு அருகிலிருந்த ஒரு பள்ளிக்கு அழைத்துப் போனார். "டி.சி. இருக்கா?" என்றார்கள். இல்லை. அவ்வளவுதான். சட்டத்தில் 5-ஆவது பிரிவு என்று ஒன்று இருப்பது அப்பாவுக்கும் தெரியாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்து சேர்த்திருந்தாலும் கன்னடம் ஓர் எழுத்துகூட அறியாத நான் அந்த வகுப்பில் என்ன செய்திருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்தத் துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. லண்டன் கிழக்குப் பகுதி ஏழைக் குடும்பங்கள் செப்டம்பர்தோறும் பிள்ளை குட்டிகளோடு கெண்ட் பகுதிக்கு ஹாப் பூப் பறிக்கப் போய்க் குடிசைகளில் தங்கின. பள்ளி தொடங்கிய பிறகும் பிள்ளைகள் வயலில் இருந்தனர். இயந்திரம் வந்தபின்தான் அது ஓய்ந்தது. மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டுவோர் தீபாவளியை ஒட்டிக் கிளம்புகிறார்கள். அங்கே பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்க அந்த மாதங்களுக்கு மட்டும் நடக்கும் பருவகால விடுதிகளை அரசு ஏற்படுத்தியது. குறைகள் இருக்கலாம், ஆனால் பிரச்சினை பிறக்கும் மாதத்தில் விடை திறக்கிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் பக்கத்தில் விடுதிச் சேர்க்கை பள்ளி திறக்கும் ஜூனில். எங்கள் தேவையோ ஐப்பசியில் பிறக்கிறது. ஜூனில் எந்தத் தகப்பனும் மழை பொய்க்கும் என்று எண்ணி மகளை விடுதியில் சேர்ப்பதில்லை.

தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது சரியா என்று அம்மாவையே கேட்டேன். "பிரிஞ்சி இருந்தா ஆறு மாசம் அழுவேன். இப்ப உங்க அக்காவைப் பாத்தா எப்பவும் அழுவுது" என்றார். அதற்குமேல் நான் வாதாடவில்லை.

விடுதி திறப்பது அரசின் வேலை. நம் கையில் உள்ள ஒன்றைச் சொல்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுதோறும் ஏழு நாள் சிறப்பு முகாம் போடுகிறோம். கோயில் வளாகம் கூட்டுகிறோம், மரம் நடுகிறோம். இவ்வாண்டு நம் வழக்கமான கிராமப் பணி நாள்களில் சிலவற்றைப் புரட்டாசியில் வைத்து, டெம்போ வருவதற்கு முன் அந்த ஊர்களுக்குப் போகலாமே. எந்த வீடு கிளம்புகிறது, எத்தனை பிள்ளைகள் என்று எழுதி எடுக்கலாம். ஆயா இருக்கும் வீட்டில் பிள்ளையை விட்டுப் போகும்படி பேசலாம். விட்டுப்போன பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லலாம். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது நம்மில் பலருடைய அக்காமார்களும் அண்ணிமார்களும் தன்னார்வலராக இருந்து செய்ததுதானே இது. போயே தீரவேண்டிய பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழையாவது தலைமையாசிரியரிடம் வாங்கி மூட்டையில் வைத்தனுப்பலாம். நம் வகுப்புகளிலேயே அந்த ஊர்க்காரர் பலர் இருக்கிறோம்; வழி கேட்க வேண்டியதில்லை.

அக்காவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இருப்பதால் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். அறிவியல் செய்முறை வகுப்புக்குத்தான் முதலில் பதிவு செய்யவேண்டும். சென்ற தீபாவளிக்கு வந்திருந்தபோது விவரங்களை எழுதிக் கொடுத்தேன். "இனிமே எனக்கெதுக்குடா, நீ படி" என்று சிரித்தாள். தாளைத் திருப்பித் தரவில்லை. மறுநாள் காலை என் மேசையில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் காணோம்.