கைப்பிடி மணலும் ஊன்றுகோலும்

இளமையும் இயற்கையும் இணைந்த பாட்டு என்றதும் வகுப்பறையில் நாம் முதலில் தேடுவது உவமையை. புறநானூற்றின் 243ஆம் பாடலில் அத்தேடல் வெறுங்கையோடு திரும்பும். அதன் பதினான்கு அடிகளில் ஓர் உவமைகூட இல்லை. தன்மையணி என்று ஒரு சொல்லில் விடை எழுதி மதிப்பெண் பெறலாம். ஆனால் அத்தோடு பாட்டும் முடிந்துவிடும். பாட்டின் கலை வேறிடத்தில் இருக்கிறது என்பதே நம் கருத்து.

முதியவர் ஒருவர் தம் இளமையை நினைந்து இரங்குகிறார். மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டியது, குளத்தில் ஆடும் சிறுமியரோடு கைகோத்துத் திரிந்தது, ஒளிவுமறைவு அறியாத கூட்டத்தோடு நீர்த்துறை மருதமரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறியது, கரையில் நிற்போர் மருள ஆழ்நீரில் குதித்து அடிமணலை அள்ளி வந்தது. இவை ஒன்பது அடிகளுக்கு மேல் ஓடுகின்றன. முதுமைக்கு இறுதி மூன்று அடிகளே.

இங்கே இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். சூட்டி, கோத்து, ஏறி, பாய்ந்து, மூழ்கி என வினையெச்சங்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. எங்கும் முற்றுப்பெறாமல் ஓடிச் சென்று 'இளமை' என்னும் பெயரில் போய் நிற்கின்றன. இருமலுக்கு இடையே சில சொற்களே பேச இயலும் என்று சொல்லும் முதியவர், இளமையைப் பேசும்போது மட்டும் மூச்சு விடாமல் பேசுகிறார்! இதைவிட நுட்பமான உத்தி வேறென்ன வேண்டும்?

அன்று உடலைத் தாங்கியது மரக்கிளை; இன்று தாங்குவதும் மரம்தான், ஆனால் பூண் கட்டிய ஊன்றுகோல். தோழியரின் கையைப் பற்றிய கை இன்று அக்கோலைப் பற்றுகிறது. புலவரின் இயற்பெயர் மறைந்து, அந்தக் கோலைக் குறிக்கும் தொடராலேயே அவர் தொடித்தலை விழுத்தண்டினார் ஆனார். தலைவன் இறந்தபோது பாடும் கையறுநிலைத் துறையில் இப்பாட்டை வைத்தவர்கள், இளமையின் பிரிவையும் ஒரு சாவாகவே கருதியிருக்க வேண்டும்.

பாட்டில் ஊரின் பெயரோ ஆற்றின் பெயரோ இல்லை. ஆயினும் தஞ்சைத் தரணிக்கு அது அயலன்று. மருதமரத்தால் பெயர்பெற்ற திருவிடைமருதூர் நம் பக்கத்து ஊர். 1894இல் புறநானூற்றை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் அப்போது ஆசிரியராக இருந்தது, காவிரிக் கரையிலுள்ள கும்பகோணம் கல்லூரியில். இன்று அதே கரையில் வளரும் பிள்ளைகளுக்கோ மேட்டூர் திறந்தால் ஆறு, மூடினால் மணல். மணல் என்றவுடன் அவர்கள் நினைவுக்கு வருவது லாரி. ஆற்றின் ஆழம் என்றவுடன், மணல் அள்ளிய பள்ளத்தில் மூழ்கி இறந்த சிறுவர்களைப் பற்றிய செய்தி. குதிக்காதே என்று பெற்றோர் தடுப்பதில் தவறில்லை. ஆனால் புலவர் தாம் இழந்ததை எண்ணி இரங்கினார். நம் பிள்ளைகளுக்கு இழப்பதற்கே அப்படியோர் இளமை வாய்க்கவில்லை.

ஆகவே ஆசிரிய நண்பர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுதான். இப்பாட்டில் என்ன அணி என்று கேட்கும் முன், அந்தச் சிறுவன் என்னென்ன செய்தான் என்று கேளுங்கள். வினைச்சொற்களை ஒவ்வொன்றாக மாணவர் வாயால் சொல்ல வையுங்கள். அவற்றுள் எதை அவர்கள் தம் ஊர் ஆற்றில் செய்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். விடைகள் குறைவாகவே வரும். பாட்டின் இரக்கம் யாரைப் பற்றியது என்று வகுப்பு தானே உணர்ந்துகொள்ளும்.