கயிறா, ஊசியா என்பதல்ல கேள்வி

மரணதண்டனை பெற்றவர் உயிர் பிரியும்வரை கழுத்தில் தூக்கிலிடப்பட வேண்டும் என்கிறது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 393ஆவது பிரிவு. காலனியச் சட்டங்களின் சுவடுகளை அகற்றவே புதிய சட்டங்கள் என்று ஒன்றிய அரசு பெருமை பேசியது. பெயர்கள் மாறின, கயிறு மாறவில்லை.

இத்தகைய சட்ட வாசகங்களைத் தமிழாக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் இடத்தில் என் பேனா நிற்கும். ‘தூக்கிலிடப்பட வேண்டும்’ என்பது செயப்பாட்டுவினை. தூக்கிலிடுபவர் யார் என்பதை அவ்வாக்கியம் சொல்வதில்லை. செய்வினையாக மாற்றிப் பாருங்கள், எழுவாய் வெளிப்பட்டுவிடும்: அரசு கொல்கிறது, அதுவும் நம் பெயரால் கொல்கிறது.

கொலையின் முறை பற்றிய விவாதமும் இந்த எழுவாயை மறைக்கவே பயன்படுகிறது. தூக்கிலிடுதல் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானதல்ல என்று 1983இல், தீனா வழக்கில், உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நச்சு ஊசியையும் மாற்றுவழியாகச் சேர்க்கலாம் என்று 2003இல் சட்ட ஆணையம் தனது 187ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. வலி குறைந்த, கண்ணியமான முறை வேண்டும் என்று கோரி 2017இல் பொதுநல வழக்கு ஒன்றும் தொடுக்கப்பட்டது. துன்பத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தைக் குறைகூற இயலாது. ஆனால் வரலாறு சொல்வது வேறு. 1792இல் பிரான்சில் கில்லட்டின் இரக்கத்தின் கருவியாகவே அறிமுகமானது. 1890இல் நியூயார்க்கின் மின்நாற்காலியும், 1982இல் டெக்சாசின் நச்சு ஊசியும் அதே வாக்குறுதியுடன் வந்தன. 2022இல் அலபாமாவில் ஊசி ஏற்ற இரத்தநாளம் கிடைக்காமல் ஒருவரின் தண்டனை நிறைவேற்றம் கைவிடப்பட்டது. 2024 ஜனவரியில் அதே மனிதரை நைட்ரஜன் வாயுவால் கொன்றார்கள். அவர் சில நிமிடங்கள் துடித்ததை நேரில் கண்டோர் பதிவுசெய்தனர்.

எவ்வாறு கொல்வது என்பதற்கு முன், யார் கொல்லப்படுகிறார் என்று கேட்போம். டில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, மரணதண்டனைக் கைதிகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். நல்ல வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றவரே தூக்குமேடையை நெருங்குகிறார்.

மகாராஷ்டிரத்தின் நாடோடிப் பழங்குடியினர் அறுவருக்கு 2009இல் உச்சநீதிமன்றமே மரணதண்டனையை உறுதிசெய்தது. பத்தாண்டுகள் கழித்து, 2019 மார்ச்சில், அதே நீதிமன்றம் அறுவரையும் நிரபராதிகள் என விடுவித்தது. இடையில் கயிறு இறுகியிருந்தால்? இழந்த ஆண்டுகளுக்கு இழப்பீடு என்று ஏதோ ஒன்றையாவது தரலாம். உயிருக்கு எதைத் தருவது?

‘பாதிக்கப்பட்டோரின் கண்ணீருக்கு என்ன பதில்?’ என்று தோழர்களே கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. 2012 டிசம்பர் டில்லிக் கொடுமைக்குப் பின் நாடே கொதித்திருந்த வேளையிலும், நீதிபதி வர்மா குழு பாலியல் வன்கொடுமைக்கு மரணதண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. காவல்துறையின் பொறுப்பையும் சட்டத்தின் ஓட்டைகளையும் சரிசெய்வதையே அது வலியுறுத்தியது. அவற்றைச் செய்யப் பணமும் மனமும் இல்லாத அரசுக்குத் தூக்குக்கயிறு மலிவான விடை. 2020 மார்ச் 20 அன்று திகார் சிறையில் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் பெண்கள் அச்சமின்றி நடமாடும் நாடாக இது மாறிவிட்டதா?

இக்கயிற்றை நம் இயக்கம் நேரில் அறியும். 1943 மார்ச் 29 அன்று கண்ணூர் சிறையில் கையூர் விவசாயத் தோழர்கள் நால்வர் தூக்கிலேறினர். அன்றைய அரசுக்கு அவர்கள் கொலைக்குற்றவாளிகள், நமக்கோ தியாகிகள். உயிரைப் பறிக்கும் அதிகாரத்தை அரசிடம் விட்டுவைத்தால், அது நாளை எவர் கழுத்தைத் தேடும் என்பதை ஆளும் வர்க்கமே தீர்மானிக்கும்.

பயங்கரவாத வழக்குகள் நீங்கலாக மரணதண்டனையை ஒழிக்கலாம் என்று 2015இல் சட்ட ஆணையமே தனது 262ஆவது அறிக்கையில் பரிந்துரைத்துவிட்டது. அந்த விதிவிலக்கும் வேண்டாம் என்பதே நமது நிலையாக இருக்க வேண்டும். கயிற்றுக்குப் பதில் ஊசி என்று எவரேனும் வாதிட வந்தால், இரண்டும் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதிருப்போம்.