சத்தம் போடாத ஆபத்து



இம்மாதம் கொஞ்சம் விஞ்ஞானம் பேசப் போகிறோம். பயந்துவிட வேண்டாம். நான் படித்தது சமூகவியல். இதில் சொல்லப்போகும் விஞ்ஞானத்தை நானும் உங்களைப்போலக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏன் கேட்க வேண்டி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018 மாரி காலம். முல்லைத்தீவு மாவட்டத்தில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் ஓர் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய கணவர் 2009 இல் ஷெல் பட்டு இறந்தவர். கோழி வளர்த்து மகளைப் படிப்பித்து வந்தார். பின்னேரம் திடீரென்று பெரிய இடி ஒன்று இடித்தது. அக்கா தேத்தண்ணிக் கோப்பையைப் போட்டுவிட்டு, பத்து வயது மகளையும் இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டார். நான் குனிந்து, "அக்கா, இது வெறும் இடிதான்" என்றேன். "தெரியும் பிள்ளை. எனக்குத் தெரியும். உடம்புக்குத்தான் தெரியேல்ல" என்றார்.

கோவையில் 'சத்தத்துக்குப் பயம், தொடர்ந்து பார்க்கவும்' என்று எழுதிக்கொண்டு வந்தேன். பட்டதாரி அல்லவா, வேலையைச் சரியாகச் செய்துவிட்டேன் என்ற நினைப்பு.

அடுத்த மாதம் வெடிபொருள் அபாயக் கல்வி வழங்கும் ஒரு தங்கச்சியோடு அதே வீட்டுக்குப் போனேன். படலையைத் தாண்டி நாலு அடி வைத்ததும் அவள் நின்றுவிட்டாள். குரலை உயர்த்தாமல், "எல்லாரும் வந்த வழியாலயே பின்னுக்குப் போங்கோ. ஒண்டையும் தொடாதேங்கோ" என்றாள். கோழிக்கூட்டின் கதவுக்கு அண்டையாக ஒரு துருப்பிடித்த இரும்பு கிடந்தது. அது வெடிக்காத மோட்டார் ஷெல். காணி துப்புரவாக்கும்போது கிடைத்ததை, கனமாக இருக்கிறதே என்று அக்கா எடுத்து வைத்திருக்கிறார். கோழி திறந்துவிட ஒவ்வொரு காலையும் அதைத் தூக்கி நகர்த்தியது மகள். முதல்முறை போனபோது என் கைப்பையை அதற்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன்.

அன்று பின்னேரம் வெடிபொருள் அகற்றுபவர்கள் வந்து, சனங்களைத் தூரத்துக்கு அனுப்பி, மண்மூடை அடுக்கி அதை வெடிக்க வைத்தார்கள். அந்தச் சத்தம் கேட்டபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எட்டு வருசமா அது ஒரு சத்தமும் போடேல்லையே பிள்ளை."

நாங்கள் எல்லோரும் சத்தத்துக்குப் பயப்படப் பழகியவர்கள். பங்கருக்குள் வளர்ந்த நானும் அப்படித்தான். ஆனால் சத்தம் வெடிப்பின் முடிவு. ஆபத்து அதற்கு முன்பே சத்தமில்லாமல் வந்து இருந்துவிடுகிறது. அதைத்தான் நாம் அடையாளம் காணப் பழக வேண்டும்.

வெடிப்பு என்றால் என்ன?

பலாக்கொட்டையைத் தணலில் சுடுவதற்கு முன் ஏன் ஒரு கீறல் போடுகிறோம்? போடாவிட்டால் 'டப்' என்று வெடித்துத் தணலையும் சிதறடித்துவிடும். கொட்டைக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் முன்பு இருந்ததைப்போல 1,600 மடங்குக்கும் அதிகமான இடம் கேட்கும். தோல் இடம் கொடுக்காது. அமுக்கம் ஏறிக்கொண்டே போய், தோல் தாங்காத ஒரு கணத்தில் எல்லாம் ஒன்றாக வெளியேறும். அதுதான் வெடிப்பு. கீறல் போட்டால் ஆவி மெதுவாக வெளியேறிவிடும். பிறஷர் குக்கரின் விசிலும் அந்தக் கீறல் செய்கிற வேலையைத்தான் செய்கிறது.

குப்பை எரிக்கும்போது நுளம்புக்கு அடிக்கும் ஸ்பிறே ரின், வாசனை ஸ்பிறே ரின் போன்றவற்றை நெருப்பில் போடக்கூடாது என்பதும் இதனால்தான். கீறல் போடாத பலாக்கொட்டைதான் அதுவும். ரின் வெறுமை என்று நாம் நினைத்தாலும் உள்ளே வாயு இருக்கும்.

இரண்டாவது வகை, வெடிமருந்து. விறகு எரிய வெளியிலிருந்து ஒட்சிசன் வேண்டும். அதனால் ஊதுகுழலால் ஊதினால் எரிகிறது, மண்ணைப் போட்டால் அணைகிறது. வெடிமருந்துக்கு அந்தத் தேவை இல்லை. எரிய வேண்டிய ஒட்சிசனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. மண்ணுக்குள் புதைந்தாலும் சேற்றில் கிடந்தாலும் அதன் சக்தி அப்படியே இருக்கலாம்.

வேகமும் வேறு. காற்றில் ஒலி ஒரு செக்கனுக்கு சுமார் 340 மீற்றர் போகும். ரி.என்.ரி. என்ற வெடிமருந்துக்குள் வெடிப்பு ஒரு செக்கனுக்கு சுமார் 6,900 மீற்றர் ஓடும். அந்த வேகத்தில் போனால் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு 10 செக்கன் அளவில் போய்விடலாம். ஆகவே பக்கத்தில் வெடிக்கும்போது 'சத்தம் கேட்டதும் ஓடலாம்' என்ற கணக்கு சரிவராது. சத்தம் கேட்கும்போது எல்லாம் நடந்து முடிந்துவிடும்.

எது கொல்கிறது?

வெடித்தவுடன் காற்று ஒரு சுவர்போல இறுகி நாலாபக்கமும் தள்ளும். இதை அமுக்க அலை என்பார்கள். அது செவிப்பறையைக் கிழிக்கும். நுரையீரலையும் குடலையும் உள்ளே காயப்படுத்தும். வெளியில் ஒரு கீறலும் இல்லாதவர் சில மணி நேரத்தின் பின் மூச்சுவிட முடியாமல் தவிக்கலாம். எனவே வெடிப்புக்கு அருகில் இருந்தவரை, காயமில்லை என்றாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்தது சிதறும் துண்டுகள்: இரும்பு, கல், கண்ணாடி. அதன்பின் சூடும், இடிந்து விழும் சுவரும்.

கண்ணாடி என்றதும் பெய்ரூட் ஞாபகம் வருகிறது. 2020 ஓகஸ்ட் 4 ஆம் திகதி லெபனானின் அந்தத் துறைமுக நகரில் ஒரு களஞ்சியம் தீப்பிடித்துப் புகைந்தது. புகையைப் பார்க்கப் பலர் யன்னலோரம் வந்து நின்றார்கள். பிறகு வந்த பெரிய வெடிப்பில் நகரெங்கும் கண்ணாடிகள் நொறுங்கி முகத்திலும் கண்ணிலும் பாய்ந்தன. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். களஞ்சியத்தில் இருந்தது சுமார் 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று. உரமாகவும் பயன்படும் பொருள். ஆறு வருடங்களாகச் சத்தமில்லாமல் கிடந்தது.

எங்கள் நாட்டிலும் 2016 ஜூன் 5 ஆம் திகதி கொஸ்கம, சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் களஞ்சியம் தீப்பற்றி வெடித்தது. சுற்றியிருந்த சிங்களக் குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடுத்த உடுப்போடு ஓடினார்கள். அந்த ஓட்டம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்காவது தீயோ புகையோ எழுந்தால் பார்க்கப் போகாதீர்கள். யன்னலை விட்டு விலகுங்கள். பிள்ளைகளைக் கண்ணாடி இல்லாத சுவரின் மறைவுக்குக் கொண்டுபோங்கள்.

இயற்கையின் வெடிப்பிலும் பாடம் ஒன்றுதான். 1883 ஓகஸ்ட் 27 இல் இந்தோனேசியாவின் கிரக்கற்றோவா எரிமலை வெடித்த சத்தம், சுமார் 4,800 கிலோமீற்றருக்கு அப்பால் றொட்றிகஸ் தீவில் பீரங்கிச் சத்தம்போலக் கேட்டது. ஆனால் இறந்த 36,000 இற்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலானோரைக் கொண்டுபோனது அதனால் எழும்பிய கடல் அலைகள். 2004 இல் கடலைப் பார்த்த நமக்கு இது புரியும்.

வளவில் கிடக்கும் இரும்பு

'சண்டை முடிந்து இத்தனை வருடம், இனி என்ன வெடிக்கப்போகிறது?' என்று பலர் கேட்கிறார்கள். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 1918 இல் முடிந்த முதலாம் உலகப்போரின் ஷெல்களை விவசாயிகள் இன்றும் உழும்போது கண்டெடுக்கிறார்கள். நூறு வருடம் கடந்தும் அவற்றில் பல வெடிக்கக்கூடியவை.

வெடிக்காத ஷெல்லைக் கெட்டுப்போனது என்று நினைக்கக் கூடாது. சுடப்பட்டு, பறந்து, விழுந்து, கடைசி ஒரு படியில் மட்டும் நின்றுபோனது அது. தூக்குவது, தட்டுவது, உருட்டுவது, பக்கத்தில் நெருப்பு மூட்டுவது, இவற்றில் ஏதாவது ஒன்று அந்தக் கடைசிப் படியாக அமையலாம். துருப்பிடிக்கப் பிடிக்க அது எப்போது, எதற்கு வெடிக்கும் என்று சொல்வது இன்னும் கடினம். சில மிதிவெடிகளுக்குள் இருக்கும் மருந்து 30 கிராம்தான். ஒரு காலைப் பறிக்க அது போதும்.

மிதிவெடித் தடைச் சமவாயத்தில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. வடக்கில் கணவரை இழந்த எத்தனையோ பெண்கள் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைச் சோதித்து மிதிவெடி அகற்றியிருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய கைமாறு, இதைத்தான் மறக்காமல் இருப்பது:

- தெரியாத இரும்பு, பிளாஸ்ரிக், வயர் எதையும் தொட வேண்டாம். எறிந்து பார்க்கவும் வேண்டாம்.
- கண்டால் நில்லுங்கள். வந்த கால்தடத்திலேயே திரும்புங்கள்.
- தூரத்தில் தடியோ துணியோ கட்டி அடையாளம் வையுங்கள்.
- கிராம அலுவலருக்கோ, 119 இல் பொலிசாருக்கோ சொல்லுங்கள்.
- பற்றை எரிக்கும்போதும் கிணறு, மலசலகூடக் குழி வெட்டும்போதும் கவனம். வெள்ளத்தில் மண் அரித்தால், துப்புரவான காணியிலும் புதிதாக ஏதாவது வெளித்தெரியலாம்.
- பழைய இரும்பு விற்றால் காசு வரும் என்று பிள்ளைகளைப் பொறுக்க அனுப்ப வேண்டாம். வறுமை எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

குசினிக்குள்

2021 இன் கடைசி மாதங்களில் நாட்டின் பல பாகங்களில் எரிவாயுக் கசிவும் வெடிப்பும் நடந்து, ஆராய்வதற்கு ஜனாதிபதி குழு ஒன்றும் நியமிக்கப்பட்டது ஞாபகமிருக்கும். சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேன், பியூற்றேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. புரொப்பேனின் பங்கு கூடினால் உள்ளே அமுக்கமும் கூடும். பழைய குழாயிலும் இணைப்பிலும் கசிவதற்கு அதுவே போதும்.

இந்த வாயு காற்றைவிடப் பாரமானது. மேலே போகாமல் தண்ணீர்போல நிலத்தில் படர்ந்து மூலையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு 2 முதல் 10 பங்கு வரை கலந்திருந்தால் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். அதற்கு இயல்பாக மணமில்லை. நாம் அறிய வேண்டும் என்றுதான் அந்தக் கெட்ட மணத்தைச் சேர்க்கிறார்கள். மணத்தால் எச்சரிக்கும் ஒரே வெடிபொருள் என்று நான் கூட்டங்களில் சொல்வதுண்டு.

மணம் வந்தால் நெருப்புக்குச்சி தட்ட வேண்டாம். லைற் சுவிச்சைப் போடவும் வேண்டாம், நிற்பாட்டவும் வேண்டாம். இரண்டிலும் பொறி பறக்கும். அடுப்பு எரிந்தால் அணைத்து, சிலிண்டரின் வால்வைப் பூட்டி, கதவு யன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளோடு முற்றத்துக்கு வாருங்கள். கைத்தொலைபேசியையும் வெளியில் வந்தே எடுங்கள். குழாயில் கசிவு பார்க்கச் சவர்க்கார நுரை பூசினால் போதும். குமிழி வந்தால் கசிவு. நெருப்பால் பார்க்கவே வேண்டாம்.

இனி இடிக்கு வருவோம்

இடியும் ஒரு வெடிப்புத்தான். மின்னல் பாயும் வழியில் காற்று ஒரு கணத்தில் 30,000 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாகி விரிகிறது. அந்தச் சத்தம்தான் இடி. ஆபத்து மின்னலில் இருக்கிறது. அதன் சத்தத்தை நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்றால், அந்த மின்னல் உங்களைத் தாக்காமல் போய்விட்டது என்று அர்த்தம். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். 3 செக்கனில் இடி கேட்டால் அது 1 கிலோமீற்றர் தூரத்தில். 30 செக்கனுக்குள் கேட்டால் வயலிலும் கிணற்றடியிலும் பனைமரத்தடியிலும் நிற்காமல் வீட்டுக்குள் வந்துவிடுங்கள்.

அந்த அக்காவிடம் இதைச் சொல்லிக் கொடுத்தேன். பயம் ஒரே நாளில் போகவில்லை. உடம்பு பழகியதை மறக்கக் காலம் வேண்டும். அதற்காக யாரும் வெட்கப்படத் தேவையில்லை. அடுத்த மாரியில் போனபோதும் மின்னியதும் அவர் மகளைப் பிடித்து இழுத்தார். ஆனால் கட்டிலுக்குக் கீழே போகவில்லை. விறாந்தைச் சுவரோடு சாய்ந்துகொண்டு இரண்டு பேரும் எண்ணினார்கள். "ஒண்டு, ரண்டு, மூண்டு..." பதினெட்டில் இடித்தது. "ஆறு கிலோமீற்றர் அம்மா" என்றாள் மகள்.

கோழிக்கூட்டுக் கதவுக்கு இப்போது ஒரு கல் அண்டை கொடுத்திருக்கிறது. என் கோவையில் 'சத்தத்துக்குப் பயம்' என்று எழுதிய வரிக்குக் கீழே நானும் ஒரு வரி சேர்த்தேன்: 'வீட்டுக்குப் போனால் முதலில் முற்றத்தைப் பார்க்கவும்.'

சகோதரிகளே, இதை வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒருமுறை உங்கள் வளவைச் சுற்றிக் கண்ணால் மட்டும் பாருங்கள். பிள்ளைகளிடம் ஏதாவது இரும்பு கண்டீர்களா என்று கேளுங்கள். ஏச வேண்டாம். ஏசினால் அடுத்தமுறை சொல்லமாட்டார்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.