தொட்டில் செய்தால் மட்டும் போதுமா?

மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீடு. கணவனுக்கு மத்திய அரசு ஆபீசில் வேலை. மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. கல்யாணமாகி இரண்டு ஆண்டு ஆகிறது.

கணவனுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. சீட்டாட்டம் அல்ல. ஊர் சுற்றுவதும் அல்ல. தச்சு வேலை!

ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிப் போடுவான். பின்கட்டில் உள்ள சின்னத் தாழ்வாரத்துக்குப் போவான். அதுதான் அவனுடைய பட்டறை. ரம்பம், உளி, இழைப்புளி எல்லாம் அங்கே வரிசையாகத் தொங்கும். நவராத்திரி வந்தால் கொலுப்படி அவன் கையாலேயே தயாராகும். பக்கத்து வீட்டு நாற்காலிக்குக் கால் உடைந்தால் அவன்தான் வைத்தியன்.

இப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். தியாகராயநகரிலும் அடையாற்றிலும் கூட இப்படிப்பட்ட வீடுகள் இருக்கும். ஒருவருக்குத் தச்சு வேலை. இன்னொருவருக்குப் பழைய மோட்டார் சைக்கிள். வேறொருவருக்கு ரேடியோ ரிப்பேர்.

நல்ல பழக்கம்தான். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால், வீட்டுக்கு முதல் குழந்தை வருகிறது. அப்போது என்ன ஆகிறது?

தாய்வீட்டுக்குப் போனாள்

நம் ஊர் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடக்கும். பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். குழந்தை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

பெண்ணுக்கு இது பெரிய உதவி. பெற்ற தாய் பக்கத்தில் இருப்பாள். பத்தியச் சாப்பாடு கிடைக்கும். உடம்பு தேறும்.

கணவனுக்கு? அவன் தனி ஆள். கேட்க ஆள் இல்லை. பட்டறையே வீடு, வீடே பட்டறை!

மயிலாப்பூர்க் கணவனும் சும்மா இருக்கவில்லை. "என் குழந்தைக்கு நானே தொட்டில் செய்வேன்" என்று தொடங்கினான். வேலை வாரக் கணக்கில் நடந்தது. கடைந்தெடுத்த கம்பிகள், தலைமாட்டில் செதுக்கிய கிளி, அதற்கு மேல் வார்னிஷ். அவன் ஆசையில் பொய் இல்லை.

நான்காம் மாதம் மனைவி குழந்தையுடன் வந்தாள். தொட்டிலைப் பார்த்தாள். கண் கலங்கினாள். "ரொம்ப அழகா இருக்குங்க" என்றாள்.

அன்று இரவு குழந்தை ஐந்து முறை அழுதது. ஐந்து முறையும் எழுந்தவள் அவள்தான். தொட்டில் செய்தவன் களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மாலை வழக்கம் போல் பட்டறைக்குப் போனான். "ஏங்க, குழந்தையைக் கொஞ்சம் பிடிங்களேன். குளிச்சிட்டு வந்திடறேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"இதோ, ஒரு ஆணி மட்டும்" என்றான்.

அந்த ஓர் ஆணி ஒரு மணி நேரம் ஆயிற்று!

இவன் கெட்டவன் அல்ல. குழந்தைக்காகப் பொருள் செய்வதையும் குழந்தையை வளர்ப்பதையும் ஒன்றாக நினைத்துவிட்டான். அதுதான் தவறு.

45-ஆம் நாள் சிரிப்பு

உயிர்களின் தோற்றத்தைப் பற்றி எழுதிப் புகழ் பெற்றவர் இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி சார்லஸ் டார்வின். அவருக்கு 1839 டிசம்பரில் முதல் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை.

டார்வின் இரவு பகலாக ஆராய்ச்சியில் மூழ்கியவர். ஆனாலும் குழந்தையைக் கூர்ந்து கவனித்தார். கவனித்ததை நோட்டில் எழுதி வைத்தார். ஏழாம் நாள் குழந்தையின் உள்ளங்காலை ஒரு காகிதத் துண்டால் தொட்டார். குழந்தை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. அதையும் எழுதினார். 45-ஆம் நாள் குழந்தை உண்மையாகவே சிரித்தது. அதையும் குறித்துக்கொண்டார். இந்தக் குறிப்புகள் 1877-ல் கட்டுரையாக வெளிவந்தன.

நம் மயிலாப்பூர்க் கணவனின் குழந்தையும் ஒரு நாள் முதன்முதலாகச் சிரித்திருக்கும். அப்போது அவன் எங்கே இருந்தான்? கிளிக்கு மூக்கு செதுக்கிக்கொண்டிருந்தான்!

மூக்கை நாளைக்கும் செதுக்கலாம். முதல் சிரிப்பு திரும்ப வருமா?

மாமனார் வீடு திருநெல்வேலியில் இருந்தாலும், வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறினால் சனிக்கிழமை காலையில் குழந்தையைப் பார்த்துவிடலாம். பிறந்த 6, 10, 14-ஆம் வாரங்களில் தடுப்பூசி போட வேண்டும். அந்த நாட்களிலாவது தகப்பன் கூட இருக்க வேண்டும். ஊசி போட்ட குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக் கொடுக்க வேண்டும்.

15 நாள் எதற்கு?

மத்திய அரசு ஊழியருக்கு மனைவியின் பிரசவத்துக்காக 15 நாள் விடுமுறை உண்டு. 1997-ல் வந்த ஏற்பாடு இது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு இது கிடைக்கும். குழந்தை பிறந்து 6 மாதத்துக்குள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

மனைவி மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பி வருகிறாள் அல்லவா? அந்த 15 நாளை அப்போது எடுத்தால் எவ்வளவு உதவி!

தனியார் கம்பெனிகளில் நிலைமை வேறு. மகப்பேறு சட்டம் 2017-ல் திருத்தப்பட்டது. தாய்க்கு 26 வாரம் விடுமுறை கிடைத்தது. தகப்பனுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு நாள் கூட இல்லை. ஆகவே அவன் தன் மாலை நேரத்தில்தான் பங்கு கொடுக்க வேண்டும்.

பழைய கதவு, புதிய ஆபத்து

இன்னொரு விஷயமும் உண்டு.

சென்னையில் பழைய வீடுகளை இடிக்கும்போது பர்மா தேக்குக் கதவுகள் விலைக்கு வருகின்றன. அருமையான மரம். தச்சு வேலையில் ஆசை உள்ளவர்கள் அதை விடமாட்டார்கள்.

ஆனால், அந்தக் கதவின் பழைய பெயிண்டில் காரீயம் இருக்கலாம். அதைச் சுரண்டினாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் தூள் பறக்கும். அந்தத் தூள் கையிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். தவழும் குழந்தை தரையில் கை வைக்கும். அந்தக் கை வாய்க்குப் போகும்.

காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். "இவ்வளவு இருந்தால் பரவாயில்லை" என்று சொல்லக்கூடிய அளவே அதற்குக் கிடையாது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி செய்தது. 2017 நவம்பரில் அது அமலுக்கு வந்தது. பழைய கதவுகள் அதற்கு முந்தியவை!

ஆகவே, பழைய பெயிண்ட் அடித்த மரத்தைக் குழந்தையின் சாமானுக்குப் பயன்படுத்தாதீர்கள். அதை வீட்டில் சுரண்டவும் வேண்டாம். எந்த மரமானாலும் சரி, வேலை முடிந்ததும் கை கழுவுங்கள். சட்டையை மாற்றுங்கள். அதன் பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

பட்டறையை மூடிவிடலாமா?

வேண்டாம்.

நாள் முழுவதும் ஆபீசில் உழைத்து வருகிறவனுக்கு மனத்துக்குப் பிடித்த வேலை ஒன்று வேண்டும். அதைப் பிடுங்கிவிட்டால் எரிச்சல் வரும். அந்த எரிச்சல் வீட்டில் உள்ளவர்கள் மேல்தான் விழும்.

பட்டறை இருக்கட்டும். ஆனால், அதற்கு நேரம் வையுங்கள். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம் என்று கணக்கு இருக்கட்டும். மனைவி குளித்து, சாப்பிட்டு, சற்றுக் கண் அயர்ந்து எழுந்த பிறகு அந்த ஒரு மணி நேரம் தொடங்கட்டும். டிரில் மெஷினைக் குழந்தை தூங்கும்போது ஓட்ட வேண்டாம்.

இரவில் பங்கு வேண்டும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது டாக்டர்களின் அறிவுரை. பால் கொடுப்பது தாயால்தான் முடியும். மற்ற எல்லாம் தகப்பனாலும் முடியும்! பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் வரச் செய்யலாம். ஈரத் துணியை மாற்றலாம். தூளியை ஆட்டலாம்.

உளி பிடிக்கத் தெரிந்த கைக்கு இது ஒரு பெரிய வேலையா?

அவளுடைய வீணை

கடைசியாக ஒன்று.

கணவனின் பட்டறையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். மனைவிக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்ததே, அதை யாராவது கேட்டார்களா? கல்யாணத்துக்கு முன்பு அவள் வீணை வாசித்தாள். அது இப்போது உறை போட்டு மூலையில் நிற்கிறது. இழைப்புளிக்கு எண்ணெய் போடுகிறவன் அந்த வீணையின் தூசியைத் துடைத்தானா?

அவனுக்கு ஒரு மணி நேரம் என்றால் அவளுக்கும் ஒரு மணி நேரம். அவன் மரம் இழைக்கும்போது குழந்தை அவளிடம். அவள் வீணை மீட்டும்போது குழந்தை அவனிடம். இதுதான் நியாயம்.

குழந்தை ஒரு வயதை எட்டும்போது நடக்கத் தொடங்கும். அப்போது ஒரு நடைவண்டி செய்து கொடுக்கட்டும். மூன்று சக்கரம், ஒரு கைப்பிடி. குழந்தை அதைத் தள்ளிக்கொண்டு வாசல் வரை போகும். தகப்பன் பின்னாலேயே குனிந்து நடக்க வேண்டும். வண்டி செய்ய இரண்டு நாள் போதும். பின்னால் நடப்பதற்குத்தான் பல நாள் வேண்டும்.

தொட்டில் செய்கிறவன் நல்ல தச்சன். அதை ஆட்டுகிறவன்தான் நல்ல தகப்பன்!