மீட்டரும் ஒரு தராசுதான்!



கடையில் நிற்கும் வியாபாரியிடம் கிலோவுக்கு 50 கிராம் குறைத்து எடை போடச் சொன்னால் அவர் பதறிப் போவார். அல்ஹம்துலில்லாஹ், அந்த அச்சம் நம் வியாபாரிகளிடம் இன்னும் இருக்கிறது. அளவையில் மோசம் செய்பவர்களைப் பற்றித் திருமறையில் ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. அதுதான் 83ஆவது அத்தியாயம். மத்யன் நகரத்து மக்களுக்கு நபி ஷுஐப் (அலை) அவர்கள் செய்த உபதேசத்திலும் இந்த எடை விவகாரம் முக்கிய இடம் பெற்றது. இவையெல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். ஆனால் அதே வியாபாரி தன் வீட்டு மாடியில் நான்கு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறாரே, அங்கே சுவரில் தொங்கும் சப் மீட்டர் எந்தக் கணக்கில் சேரும்?

2016 மே 23 அன்று மீண்டும் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற ஜெயலலிதா முதல் நாளே கையெழுத்திட்ட கோப்புகளில் ஒன்று, ஒவ்வொரு வீட்டு மின் இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை என்பதாகும். ஆட்சி மாறிய பிறகும் சலுகை நின்றுவிடவில்லை. 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தபோதும், 2024 ஜூலையில் மறுபடி உயர்ந்தபோதும் முதல் 100 யூனிட்டில் கை வைக்கவில்லை. 2024 விகிதப்படி இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்குச் சொந்தப் பெயரில் இணைப்பு இருந்தால் பில் 300 ரூபாயைக்கூட எட்டாது.

இப்போது கள்ளிக்குப்பத்திலோ மண்ணூர்பேட்டையிலோ குடியிருக்கும் ஓர் இளைஞனின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. மனைவி, இரண்டு குழந்தைகள். ஒற்றை அறையும் சமையற்கட்டும். அதே 200 யூனிட்தான். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றால் 2000 ரூபாய்! அரசாங்கம் கஜானாவிலிருந்து கொடுத்த சலுகை அந்த ஏழையின் வாசல்வரை வந்து, மாடிப்படியிலேயே நின்றுவிடுகிறது.

வீட்டுக்காரர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். அதையும் கேட்போம். “ஆறு போர்ஷனுக்கும் ஒரே இணைப்பு. மொத்த யூனிட் 500-ஐத் தாண்டினால் விகிதமே மாறிவிடுகிறது. 1000-ஐத் தாண்டினால் யூனிட் 11 ரூபாய்க்கு மேல் போகிறது. நான் எங்கே லாபம் பார்க்கிறேன்?” என்கிறார்கள். மேல்படியின் விலை உண்மைதான். ஆனால் அந்த விலை கடைசி யூனிட்டுகளுக்கு மட்டுமே! 1000 யூனிட் ஓடிய பில்லை எடுத்து 1000-ஆல் வகுத்துப் பாருங்கள். யூனிட்டுக்கு ஏறத்தாழ 7 ரூபாய்தான் வரும். 700 ஓடினால் இன்னும் குறைவு. மீதி 3 ரூபாய் எந்த வகை வருமானம்? வாடகை என்றால் வாடகையில் சொல்லி வாங்குங்கள். தண்ணீர் மோட்டாருக்கு என்றால் அதற்குத் தனிக் கணக்கு வையுங்கள். ‘கரண்ட் காசு’ என்று பெயர் சொல்லிக் கூடுதலாக வாங்குவதுதான் நாம் கேட்கும் கேள்வி.

மேல்நாட்டில் இதற்குச் சட்டமே போட்டார்கள். 2022-23 குளிர்காலத்தில் எரிவாயு, மின் கட்டணம் தாங்க முடியாமல் போனபோது பிரிட்டன் அரசு வீட்டுக்கு 400 பவுண்டு உதவி அளித்தது. கட்டணத்தை வாடகையோடு சேர்த்துக் கொடுப்பவர்களுக்கு அந்தப் பணத்தின் பலனை வீட்டுக்காரர் கொடுத்தாக வேண்டும் என்று அப்போதே விதியும் செய்துவிட்டார்கள். அங்கே குளிர், இங்கே கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஓயாமல் சுற்றும் மின்விசிறி. தேவை ஒன்றுதான். நம் நாட்டில் 2003 மின்சாரச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் யாரும் மின்சார வியாபாரம் செய்யக் கூடாது என்கிறது. சப் மீட்டர் லாபம் அதற்குள் வருமா என்பதை வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். வாதம் முடியும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஏனென்றால் அதே சட்டத்தின் 43ஆவது பிரிவு, கட்டடத்தின் உரிமையாளரோ அல்லது அதில் குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் மின் இணைப்பு கொடுக்க வேண்டும் என்கிறது. குடியிருப்பவருக்கும் உரிமை உண்டு! தமிழ்நாட்டு மின் விநியோக விதிகளின்படி வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும். அவர் மறுத்தால், சட்டப்படி குடியிருப்பதற்கான ஆதாரத்தோடு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, வைப்புத் தொகையை இரட்டிப்பாகக் கட்டி இணைப்புக் கேட்கலாம். இந்த வழி இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆதாரம் என்றால் வாடகை ஒப்பந்தம். அங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். “நம்ம பாய்தானே, பேப்பர் எதுக்கு?” என்று வாய்ப்பேச்சில் குடியேறிவிடுகிறோம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம்! 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. இணைப்புக் கேட்ட கோபத்தில் வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடவும் அச்சட்டம் வழி செய்கிறது. மீட்டர், பில் சம்பந்தமான புகார்களுக்கு மின்னகம் எண் 94987 94987.

சமையல் எரிவாயு விஷயத்திலும் ஒரு வார்த்தை. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பட்டரவாக்கம், அத்திப்பட்டுப் பக்கம் குடும்பத்தோடு வந்து பிழைக்கும் நம் சகோதரர்கள் கேஸை முறையான இணைப்பில்லாமல் வெளியில் கூடுதல் விலைக்கு வாங்குகிறார்கள். 2021 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிய உஜ்வலா இரண்டாம் கட்டத்தில், புலம்பெயர்ந்தோர் ரேஷன் அட்டைக்கும் முகவரிச் சான்றுக்கும் பதிலாகச் சுய உறுதிமொழி கொடுத்தால் போதும் என்று ஆக்கினார்கள். இணைப்பு அந்த வீட்டுப் பெண்ணின் பெயரில்தான் கிடைக்கும். ஜும்ஆவில் பக்கத்தில் நிற்கும் அவருக்கு மொழி தெரியாது. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கப் படித்த நம் இளைஞனுக்குப் பத்து நிமிடம் போதாதா?

கடைசியாக ஜமாஅத் நிர்வாகிகளுக்கு. வக்ஃபு வீடுகளிலும் கடைகளிலும் சப் மீட்டர் இருக்குமானால் முதல் மாற்றம் அங்கிருந்தே வரட்டும். பள்ளிவாசலின் வாடகைதாரர் கூடுதல் காசு கொடுக்கும்வரை, இமாம் மிம்பரில் ஏறி மற்ற வீட்டுக்காரர்களைக் கேட்க முடியாது. வாய்ப்புள்ள போர்ஷன்களுக்குத் தனி இணைப்புக்கு மனுக் கொடுங்கள். அதுவரை பில்லின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, வந்த தொகையை ஓடிய யூனிட்டால் வகுத்து அதை மட்டும் வாங்குங்கள்.

நமது கிளைகள் இந்த மாதமே ஒவ்வொரு மஹல்லாவிலும் வாடகை வீடுகளைக் கணக்கெடுக்க வேண்டும். வீட்டில் தனி இணைப்பு உண்டா, யூனிட்டுக்கு எவ்வளவு, எழுத்தில் ஒப்பந்தம் உண்டா என்று மூன்றே கேள்விகள். முஸ்லிம் வீடா, இந்து வீடா, கிறிஸ்தவர் வீடா என்று பார்க்க வேண்டாம். மீட்டருக்கு மதம் இல்லை. பட்டியல் கையில் வந்ததும் முதலில் வீட்டுக்காரர்களைச் சந்தித்து மரியாதையோடு பேசுவோம். அதன் பிறகும் மறுப்பவர்களின் வாடகைதாரர்களை மனுவோடு மின்வாரிய அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வோம், இன்ஷா அல்லாஹ்.