மண்ணின் மீது பழி போடாதீர்கள்

"மண் ஆண்டுதோறும் வெளிவிடும் காபனீரொட்சைட்டு, மனிதன் எரிக்கும் எண்ணெயும் நிலக்கரியும் வெளிவிடுவதைப் போல் பல மடங்கு. அப்படியிருக்க மனிதனைக் குற்றஞ்சாட்டுவது எந்த நியாயம்?"

இந்த வாதம் இப்போது ஊரெங்கும் உலா வருகின்றது. படித்தவர்களும் தயக்கமின்றி அதனைப் பரப்புகின்றனர். நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞானப் புலமை எனக்கில்லை. ஆயினும், பல்லாண்டுகள் செய்தி எழுதியே பிழைத்தவன் என்பதால் அரை உண்மையின் வாடை எனக்குத் தெரியும். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதே எண்ணை எடுத்து, மண்ணே பெருங்குற்றவாளி என்ற தொனியில் நானும் ஒருமுறை தலைப்பிட்டிருக்கின்றேன். அந்தக் கறையைக் கழுவவும் இதனை எழுதுகின்றேன்.

எண்ணில் பிழையில்லை. மண்மீது ஒரு கலத்தைக் கவிழ்த்து மூடி, உள்ளே சேரும் வாயுவின் செறிவு எவ்வளவு வேகமாக உயருகின்றது என்பதை அகச்சிவப்புக் கதிர்க் கருவியால் அளக்கின்றனர். உலகெங்கும் எடுக்கப்பட்ட இத்தகைய அளவீடுகளைத் தொகுத்த பொண்ட்-லம்பேர்ட்டி, தோம்சன் ஆகிய இருவரும், 2008 இல் மண் வெளிவிட்டது ஏறத்தாழ 98 பில்லியன் தொன் காபன் என 2010 இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். எரிபொருட்களிலிருந்து வெளியேறும் காபன் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 10 பில்லியன் தொன்தான்.

பிழை வேறிடத்தில் இருக்கின்றது. அந்தக் கலம் அளப்பது செலவை மட்டுமே. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சாக விடும் காபன், தாவரங்கள் வளியிலிருந்து முன்னர் எடுத்துக்கொண்டதே. கணக்கேட்டின் செலவுப் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டுக் கடை நட்டத்தில் ஓடுகின்றது என்று சொல்பவனைக் கணக்கன் என்போமா? வரவையும் சேர்த்துப் பார்த்தால், மனிதன் வெளிவிடுவதில் காற்பங்குக்கு மேல் தரைத் தாவரங்களும் மண்ணுமே ஏற்றுக்கொள்கின்றன. நிலக்கரிக்கோ அத்தகைய வரவுப் பக்கம் எதுவுமில்லை. வளிமண்டலத்தில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த இவ்வாயு 420 ஐத் தாண்டியது அதனாற்றான்.

மண்ணும் கடனாளியாகும் இடங்கள் உண்டு. ஆனால் அங்கும் மனிதனின் கையே தெரிகின்றது. இங்கிலாந்தின் ஹோம் ஃபென் சதுப்பில், 1850களின் தொடக்கத்தில் நீரை வடித்தபோது, நிலமட்டத்துக்குச் சமமாக ஓர் இரும்புத் தூணை நட்டனர். இன்று அது ஏறத்தாழ 4 மீற்றர் வெளியே நிற்கின்றது. தூண் வளரவில்லை, நிலம் தாழ்ந்தது. உலர்ந்த முற்றா நிலக்கரி ஒருபுறம் சுருங்கி அமிழ்ந்தது. மறுபுறம் ஒட்சியேற்றப்பட்டுக் காபனீரொட்சைட்டாக வானேறியது.

அமெரிக்காவின் ஹாவர்ட் காட்டில் 1991 முதல் மண்ணைச் சூழலைவிட 5 பாகை செல்சியஸ் சூடாக்கி வைத்திருந்தனர். 26 ஆண்டுகளில் மேல் 60 சென்ரிமீற்றர் மண் தன் காபனில் 17 சதவீதத்தை இழந்ததென 2017 இல் வெளிவந்த ஆய்வு கூறியது. நாம் மூட்டும் வெப்பம் மண்ணிலுள்ள சேமிப்பையும் கரைக்கும் என்பதே இதன் பொருள்.

ஆகவே மண்ணின் மூச்சை அளக்கும் கருவி நமக்கு விடுதலைப் பத்திரம் எழுதித்தரவில்லை. அது நமக்கெதிரான சாட்சி. பத்திரிகைத் துறையிலுள்ள இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன்: யாராவது பெரிய எண்ணொன்றை நீட்டினால், தலைப்பிடுவதற்கு முன் "வரவு எங்கே?" என்று கேளுங்கள். நான் அன்று கேட்கத் தவறினேன்.