பெரிய கோயிலின் நிழல் தரையில் விழும்!

சுற்றுலாப் பேருந்து தஞ்சாவூரில் வந்து நிற்கும். பிள்ளைகள் இறங்கி, வரிசையாகப் பெரிய கோயிலுக்குள் போவார்கள். "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழவே விழாது, தெரியுமா?" என்று யாராவது ஒருவர் சொல்வார். எல்லாரும் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்ப்பார்கள். அப்புறம் ஒரு குரூப் போட்டோ. ஒரு மணி நேரத்தில் பேருந்து அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும்.

குட்டீஸ், உங்களில் பலர் இப்படிப் போய் வந்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் தாத்தாவிடமும் அந்த நிழல் அதிசயத்தைச் சொல்லியிருப்பீர்கள். ஆனால், அது உண்மையில்லை. நிழல் விழும். வெயில் அடிக்கிற ஒவ்வொரு நாளும் விழுகிறது. மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள், நந்தி இருக்கும் கிழக்குப் பக்கம் நிழல் நீளமாகப் படுத்துக் கிடக்கும். காலையில் போனால் அதே நிழல் பின்பக்கம் இருக்கும்.

இந்தப் பேச்சு எப்படிக் கிளம்பியிருக்கும்? கருவறைக்கு மேலே எழும் கோபுரத்தை விமானம் என்பார்கள். இது 60 மீட்டரைத் தொடும் உயரம். அடியில் அகலம், மேலே போகப் போகக் குறுகல். சித்திரை மாதத்தில் நண்பகல் சூரியன் தலைக்கு நேரே வரும்போது, மேல் பகுதியின் நிழல் அகலமான அடிப்பகுதியின் மீதே விழுந்துவிடும், தரைக்கு வராது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது நண்பகலிலும் வடக்குப் பக்கத் தரையில் நிழலைப் பார்க்கலாம். நம்பிக்கை இல்லையா? அட்டையில் ஒரு கூம்பு செய்து, டார்ச் லைட்டை மேலேயும் பக்கத்திலேயும் பிடித்துப் பாருங்கள்.

இன்னும் இரண்டு 'அதிசயங்கள்' உண்டு. உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பார்கள். பல கற்களைச் செதுக்கி, இணைப்புத் தெரியாமல் பொருத்தியது அது என்று ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பெரிய நந்தி வளர்ந்துகொண்டே போனதாம், முதுகில் ஆணி அடித்து நிறுத்தினார்களாம்! அந்த நந்தி ராஜராஜன் காலத்ததே அல்ல. பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நாயக்கர் காலத்தில் வைத்தது.

"கதைதானே, சொல்லிவிட்டுப் போகட்டுமே" என்று பெரியவர்கள் கேட்கலாம். கதை எனக்கும் பிடிக்கும். கோயில் கட்டியவர்களுக்கு மோர் கொடுத்த மூதாட்டி ஒருத்தி, உச்சிக்குக் கல் கொடுத்தாள் என்று தஞ்சையில் ஒரு கதை உண்டு. அதைக் கதை என்று சொல்லியே சொல்கிறார்கள். நிழல் விஷயத்தை அப்படிச் சொல்வதில்லை, உண்மை என்கிறார்கள். அதைக் கேட்ட பிள்ளை தரையைத் தேடுகிறது. பக்கத்திலே சுவரில் எழுதியிருப்பதைப் பார்ப்பதில்லை. என் வருத்தம் அதுதான்.

சுவரைப் பார்க்காததால் என்ன ஆனது என்று கேளுங்கள். இந்தக் கோயிலைக் கட்டியவர் யார் என்பதே ஒரு காலத்தில் மறந்து போயிருந்தது! கரிகாலன் கட்டினான் என்றார்கள், காடுவெட்டிச் சோழன் கட்டினான் என்றார்கள். 1880களின் பிற்பகுதியில் ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படித்தார். ராஜராஜ சோழன் தானே கட்டியதாகச் சொல்லும் வரி கல்லில் அப்படியே இருந்தது. கோயிலின் பெயர் ராஜராஜீச்சரம் என்றும் இருந்தது. ஊரே தினமும் அந்தச் சுவரைக் கடந்துதான் சாமி கும்பிடப் போயிருக்கிறது.

1010-ஆம் ஆண்டில் விமானத்தின் உச்சியில் செப்புக் கலசம் வைக்கப்பட்டது. அந்த விவரமும் கல்லில் இருக்கிறது. தான் கொடுத்தது, தன் அக்காள் குந்தவை கொடுத்தது, அரசிகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்னான் ராஜராஜன். நகையில் எத்தனை முத்து என்பது வரை கணக்கு உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது ஆட்டுக் கணக்கு. ஒரு விளக்கு எப்போதும் எரிய வேண்டும் என்றால் 96 ஆடுகள். அவற்றை இடையர்களிடம் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் தினமும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு கிழடாகிச் செத்துப் போனால்? குட்டிகள் வளர்ந்து அந்த இடத்துக்கு வந்துவிடும், மந்தை குறையக் கூடாது. அதனால் இந்த ஆடுகளுக்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் வைத்த பெயர், 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடாகாத ஆடு! நந்திக்கு ஆணி அடித்த கதையைவிட இது சுவையாக இல்லையா?

கோயிலில் ஆடிப் பாட 400 பெண்களை அழைத்து வந்தார்கள். திருவாரூர், திருவையாறு, பழையாறை என்று பல ஊர்க் கோயில்களிலிருந்து வந்தார்கள். ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்று தபால் விலாசம் போலவே வெட்டியிருக்கிறது. ஆளுக்கு ஒரு வீடு. ஆண்டுக்கு 100 கலம் நெல். அளந்தது 'ஆடவல்லான்' என்ற மரக்காலால். கலம், மரக்கால் எல்லாம் என்னவென்று டெல்டாவில் வயல் வைத்திருக்கும் தாத்தாவைக் கேளுங்கள், கையால் அளந்தே காட்டுவார்.

கணக்கர், குடை பிடிப்பவர், விளக்கேற்றுபவர், குயவர், வண்ணார், தையற்காரர், தட்டார் என்று வேலை பார்த்தவர்களும் வரிசையாக வருகிறார்கள். முடி திருத்தியவருக்கு 'ராஜராஜப் பெருநாவிசன்' என்று அரசன் பெயராலேயே பட்டம். தலைமைச் சிற்பி குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். உலகத்தில் எத்தனையோ பெரிய கட்டடங்கள் இருக்கின்றன. முடி திருத்தியவரின் பட்டத்தைச் சுவரிலேயே எழுதி வைத்த கட்டடங்கள் எத்தனை இருக்கும்?

இன்னொன்றும் யோசியுங்கள். தஞ்சாவூரைச் சுற்றி எங்கே மலை இருக்கிறது? காவிரி கொண்டு வந்து போட்ட வண்டல் மண்ணும் நெல் வயலும்தான். இத்தனை கருங்கல்லும் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். லாரி இல்லாத காலத்தில்!

உள்ளே கருவறையைச் சுற்றி ஓர் இருட்டுப் பாதை உண்டு. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி அங்கே போய்ப் பார்த்தார். நாயக்கர் கால ஓவியம் சில இடங்களில் உதிர்ந்திருந்தது. அதற்கு அடியில் சோழர் கால ஓவியம் எட்டிப் பார்த்தது. 900 ஆண்டுகளுக்கு மேல் பழையது! அந்தப் பாதைக்குள் எல்லாரையும் விடுவதில்லை, ஓவியங்களைக் காக்க வேண்டுமே.

கோயிலை முடித்து அரண்மனைக்கும் போகலாம், பக்கம்தான். அங்கே சரஸ்வதி மகால் நூலகத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்வித்து, ஒவ்வொருவரின் கண்ணையும் வண்ணத்தில் வரைந்து குறிப்பு எழுதி வைத்தார். அந்த ஏடுகளும் அங்கேதான். பல பேருந்துகள் இதை விட்டுவிட்டுப் போகின்றன.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே நாளில் ஆறு ஊர் வேண்டாம், தஞ்சைக்கு மட்டும் ஒரு முழு நாள் கொடுங்கள். கருங்கல் தரை சுடுவதற்கு முன், காலையிலேயே கோயிலுக்குப் போய்விடுங்கள். பதினோரு மணிக்கு மேல் வெறுங்காலோடு பிள்ளைகள் எந்தக் கல்வெட்டையும் பார்க்க மாட்டார்கள், நிழலுக்குத்தான் ஓடுவார்கள்! ஏதாவது ஒரு கல்வெட்டின் சில வரிகளை இன்றைய எழுத்தில் அச்சடித்து எடுத்துப் போங்கள். சோழர் காலத் தமிழ் எழுத்து நம் எழுத்து மாதிரி இருக்காது, புள்ளிகூட இருக்காது. ஆனாலும் 'ப', 'ட' போன்ற எழுத்துகளைக் குட்டிகள் கண்டுபிடித்துவிடுவார்கள். கையால் தடவாமல், பென்சிலால் தேய்க்காமல் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும்.

குட்டீஸ், அடுத்த தடவை யாராவது நிழல் கதையைச் சொன்னால் சண்டை போடாதீர்கள். "மாமா, ஆட்டுக் கணக்கு எந்தச் சுவரில் இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள்.